பூசிய கையின் பெயர்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். நான் காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரன். வேலை சென்னையில். போன மாதம் எங்கள் ஊரில் பழைய வீடுகளைக் கொண்டாடும் விழா மூன்று நாள் நடந்தது. முகப்புகளுக்கெல்லாம் விளக்குப் போட்டார்கள். நடு முற்றத்து வளவில் கச்சேரி, மத்தியானம் இலை போட்டு விருந்து. வெளியூரிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வீட்டின் முன் கூடமான பட்டாலையில் ஓர் அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "இது பளிங்கா?" என்று கேட்டார். கூட்டிப் போனவர், "முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசியது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தச் சுவரைப் பூசியது என் தாத்தாவின் அப்பா. பிற்பாடு இரண்டு தடவை பழுது பார்த்தது தாத்தா. அவருக்கு இப்போது 84 வயது. அன்றைக்கு அடுத்த தெருவில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

விழா முடிந்த அடுத்த வாரமே இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பிரித்துத் தூண்களை லாரியில் ஏற்றினார்கள். இந்த விழாக்களால் என்ன பயன் ஆச்சி? வட்டிக்காசில் கட்டிய வீடுகளை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று என் நண்பன் வேறு கேட்கிறான். அவனுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

(எழுதியவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

விழா நடந்தபோது தாத்தா அடுத்த தெருவில் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இது வீட்டுக்காரர்களான எங்கள் பக்கத்துத் தவறு. முதலில் அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் விழாவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வீடுகளைக் கட்டியதே ஆட்கள் கூடுவதற்குத்தான். வந்தவர்கள் உட்காரப் பட்டாலை, கல்யாணத்துக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக்கும் வளவு, பந்திக்கு இரண்டாங்கட்டு, சமையலுக்குக் கடைசிக் கட்டு. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலேயே அவற்றில் முக்கால்வாசி பூட்டித்தான் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் வந்து இறங்கினால் எல்லாப் பூட்டும் திறக்கும். எந்தக் கதவு நிலையில் கரையான் ஏறியிருக்கிறது, எந்த மூலை ஒழுகுகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் தெரியவரும். பெரியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் பங்குக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, ஓடு மாற்ற ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறுவார்கள். பராமரிப்புக் குழு என்று எதுவும் கிடையாது. படைப்புதான் அந்த வேலையைச் செய்தது.

நாட்டரசன்கோட்டையில் தைப்பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை, கண்ணுடையநாயகி அம்மன் கோயில் முன்னால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாகப் பொங்கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பானை யாருடையது என்று பெயர்களைக் குலுக்கி எடுப்பார்கள். அந்தக் குலுக்கலில் தம் பெயரும் இருக்க வேண்டும் என்று கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. வந்தவர்கள் வீட்டைத் திறக்காமல் போவதில்லை. கூடும் நாள் ஒன்று இருக்கிற வரைக்கும் வீட்டுக்குக் காவல் உண்டு என்று நான் நம்புவது இதையெல்லாம் பார்த்துத்தான்.

நீங்கள் சொன்ன வீட்டைப் பிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான். ஐம்பது அறுபது பங்காகிப்போன வீடு அது என்று கேள்விப்பட்டேன். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் திருச்சியில். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. ஓடு மாற்ற எல்லாரும் சம்மதிக்க வேண்டும், அது நடப்பதில்லை. விற்க மட்டும் எப்படியோ சம்மதம் கிடைத்துவிடுகிறது. பர்மாத் தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் உடனே பணம் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் எந்த வீட்டுக் கதவு என்று தெரியாமல் நிற்கிற கதவுகளைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தத் தெருவைக் கடக்க முடிவதில்லை.

2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதால் ஒரு வீட்டை இடிக்கவிடாமல் தடுக்க முடியாது. தனியார் வீட்டைக் காப்பாற்றுவது அதன் பங்காளிகள் கையில்தான் இருக்கிறது.

வீடு ஒரே நாளில் விழுவதும் இல்லை. ஒரு நாட்டு ஓடு நகர்ந்தால் போதும், மழைத்தண்ணீர் சுவரின் தலையில் இறங்கும். உத்தரத்தின் நுனி, சுவருக்குள் போகிற இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல் மக்கும். கைப்பிடிச் சுவரில் பறவை எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைக்கும். ஐந்தாறு மழைக்காலம் யாரும் ஏறிப் பார்க்காமல் விட்டால் அப்புறம் பிரிப்பதைத் தவிர வழியில்லை என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கூத்து நடந்தது. மேற்குச் சுவரில் ஈரம் கண்டு பூச்சு உப்பியபோது, ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் சொல்லைக் கேட்டு அங்கே சிமெண்டு பூசிவிட்டோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்புச் சுவர் தான் குடித்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமெண்டு அதற்கு வாயை அடைத்துவிட்டது. உள்ளே தங்கிய ஈரம் பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சையும் தள்ளியது. இரண்டே மழையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்துவிட்டது. அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கரண்டியையே எடுக்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சத்தத்தை வைத்து, "இது வரைக்கும் பிடிப்பு இருக்கு, இதுக்கு மேல பொத்தல்" என்று கரித்துண்டால் கோடு போட்டார். பொத்தல் என்று குறித்ததை மட்டும் கொத்தி எடுத்தார்கள். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, படலம் படலமாகப் பூசி, கடைசியில் வெள்ளைக்கரு சேர்த்த பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார்கள். அவர் இப்போது இல்லை. அந்தச் சத்தம் கேட்கிற காது உங்கள் தாத்தாவிடம் இருக்கும். விழாவில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினால் மட்டும் எனக்குப் போதாது. அவர் சுவரைத் தட்ட வேண்டும், பக்கத்தில் நாலு பிள்ளைகள் நின்று கேட்க வேண்டும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் இது ஓரளவு நடக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுவது, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவது, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பது என்று எல்லாம் வருகிறவர்கள் கண்முன்னே நடக்கும். சூளையில் சுடாத கல் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தவர்களில் சிலர் வாங்குகிறார்கள். அதனால் தொழிலும் நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஓடு வேய்வதற்கும் தச்சு வேலைக்கும் இதே மாதிரி ஒரு முற்றம் வேண்டும்.

உங்கள் நண்பரின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் எங்கள் நகரத்தார் கைக்கு வந்தது. அது பர்மியக் குடியானவர்கள் இழந்த நிலம். 1942இல் ஜப்பான் படை வந்ததும் எங்களவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், பலர் நடந்தே வந்தார்கள். இந்த வீடுகளுக்குச் சோறு போட்ட வரும்படியில் பெரும்பகுதி அதோடு போனது. இரண்டையும் வளவில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும், ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் அது வரலாறாகாது. ஆனால் தம்பி, அந்தச் சுவரில் இருப்பது வட்டிக்காசு மட்டும்தானா? உங்கள் தாத்தாவின் அப்பா கை எங்கே போயிற்று? இடித்தால் அதுவும் சேர்ந்துதானே மண்ணாகிறது? உங்கள் நண்பரிடம் இதை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

விழா நிலைக்குமா என்று கேட்பீர்கள். நம் காரைக்குடியிலேயே 1939இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கினார். பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டைக் கம்பன் சமாதியில் என்று நாள் குறித்தார். இன்றைக்கும் அந்த நாள்களைச் சொன்னால் ஊரில் தெரியும். பள்ளத்தூரில் பிறந்து சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா, நண்பர்களோடு சேர்ந்து 2004இல் சென்னை தினக் கொண்டாட்டத்தைத் தொடங்கினார். அதில் எனக்குப் பிடித்தது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவரவர் பேட்டையில் அவரவர் ஒரு நடையோ ஒரு பேச்சோ வைத்துக்கொண்டதுதான். நம் ஊர் விழாவும் அப்படி ஆகட்டும். வீட்டுக்காரர் மட்டும் நடத்துவதாக இருக்க வேண்டாம். தச்சர் தெருவிலிருந்து ஒரு நடை தொடங்கட்டும். முகப்பில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, பட்டாலையில் ஒரு சின்னப் பலகையில் கட்டியவர்கள் பெயரும் வரட்டும். தெரிந்த பெயர்களையாவது எழுதுவோம். வசூலாகும் பணத்தில் முதல் பங்கு ஓடு மாற்றுவதற்கு என்று நான் விழாக் குழுவிடம் பேசுகிறேன். சம்மதிக்காவிட்டால் எங்கள் வீட்டளவிலாவது செய்வேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் படைப்பு. பங்காளிகள் வருகிறார்கள். மேற்குச் சுவரில் இன்னொரு இடம் உப்பியிருக்கிறது, வேண்டுமென்றே யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறேன். தாத்தாவால் கார் ஏறி வர முடியுமா? நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன், அவர் சொல்லச் சொல்லச் செய்ய எங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்களும் லீவு போட்டு வாருங்கள். சுண்ணாம்பை எத்தனை நாள் முன்னாலேயே நீற்றி ஊறப்போட வேண்டும் என்று அவரிடம் கேட்டு உடனே எழுதுங்கள். கிளிஞ்சலுக்கு நான் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆச்சி