வீட்டில் தூக்கிப் போடும் பொருட்களை வைத்து அதிகச் செலவில்லாமல் தோட்டம் போடுவது எப்படி?

தொட்டிக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. அடியில் ஓட்டை போட முடிந்து, வேர் இறங்க ஆழமும் இருந்தால் எதுவும் தொட்டிதான். தோட்டத்தில் காசு கரைவது மண்ணுக்கும் உரத்துக்கும்தான். அதனால் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சமையலறைக் குப்பையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

உரம் தயாரிக்க, விரிசல் விட்ட வாளி ஒன்றை எடுத்து அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். அடியில் காய்ந்த இலையையோ கிழித்த அட்டைப்பெட்டியையோ பரப்பி, மேலே காய்கறித் தோலைப் போடுங்கள். ஒவ்வொரு முறை தோல் போடும்போதும் அதைப்போல இரண்டு பங்கு காய்ந்த பொருளையும் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கும் நாற்றமடித்து, பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். அட்டையைக் கிழித்துப் போட்டுக் கிளறிவிட்டால் சரியாகிவிடும். எண்ணெய்ப் பதார்த்தம், இறைச்சி வேண்டாம், எலி வரும். வெப்பமான காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாக, மண் வாசனையோடு உரம் தயாராகிவிடும். பழைய தொட்டி மண்ணில் வேர்களைப் பொறுக்கிவிட்டு, மூன்று பங்குக்கு ஒரு பங்கு இந்த உரத்தைக் கலந்தால் மறுபடியும் நடலாம். புது மண் வாங்க வேண்டியதில்லை.

தொட்டி விஷயத்தில் ஆழம்தான் முக்கியம். கீரைக்கு அரை அடி போதும். தக்காளி, கத்தரிக்கு ஓரடியாவது வேண்டும், 15 முதல் 20 லிட்டர் வாளி பொருத்தமாக இருக்கும். பூச்சிமருந்து, ஆசிட், என்ஜின் ஆயில் இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் சாப்பிடுகிற செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம், அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பார்கள். அது உண்மையில்லை. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் நீர் ஜல்லிக்குள் இறங்கும், அதுவரை வேர் சேற்றில் நிற்கும். துளையின் மேல் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாட்டில் தொட்டி. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைக் குறுக்கே வெட்டுங்கள். மூடியில் ஓட்டை போட்டு, பழைய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி அதில் நுழையுங்கள். மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்பாதிக்குள் செருகி மண் நிரப்பினால் தொட்டி தயார். திரியின் ஒரு முனை மண்ணுக்குள் பாதி உயரம் வரை ஏறியிருக்க வேண்டும், மறுமுனை கீழே உள்ள நீரில் முங்கியிருக்க வேண்டும். முதல் தடவை மட்டும் மேலிருந்து நீர் ஊற்றி மண்ணையும் திரியையும் நன்றாக நனைத்துவிடுங்கள். அதன்பின் மண் தானாக உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலுக்குள் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் வெளியே காகிதம் சுற்றிவிடுங்கள். புதினா இதில் அருமையாக வரும். சில நாட்கள் ஊருக்குப் போனாலும் செடி வாடாது.

நாற்றுக்குச் செய்தித்தாளைச் சுருட்டிக் கிண்ணமாக மடித்துக்கொள்ளலாம், பளபளப்பான தாள் மட்டும் வேண்டாம். காகிதத்தோடு அப்படியே நட்டுவிடலாம். ஆனால் அதன் விளிம்பு மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். அந்த விளிம்பைக் கிழித்துவிட்டு நடுங்கள்.

முட்டை ஓட்டை மாவாகப் பொடித்துப் போட்டால்தான் பயன். உடைத்துப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். டீத்தூளைப் பால், சர்க்கரை போக அலசிய பிறகு உர வாளியில் சேருங்கள்.

காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்த நீர், சோப்பு நீர் இரண்டும் வேண்டாம். ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரிலும் உப்பு அதிகம். அதைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்து இலை நுனி கருகத் தொடங்கும்.