அண்ணாவின் பெயர்

அன்புள்ள அக்கா,

நான் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம், தோட்டம் செய்கிறேன். நீங்கள் எழுதியிருந்த '20,000 வகைத் தேனீக்கள்' படத்தை ஃபோனில் தேடிப் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து சரியான நித்திரை இல்லை. என் அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. நாலு வயதிலிருந்தே தான் பொம்பிளைப் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். அத்தான் அடித்தும் பார்த்துவிட்டார். அக்கா கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கிறா. 2009 போரில் எங்கள் அண்ணா செல்லடியில் போனார். அவருடைய பெயரைத்தான் இவனுக்கு வைத்தோம். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறானில்லை. அண்ணாவை இன்னொரு தரம் பறிகொடுத்த மாதிரி இருக்கிறது. அந்தப் படம் ஐரோப்பாவுக்குச் சரி, இவ்வளவு இழந்த எங்கட சனத்துக்கும் இது தேவையா? இதுகளைப் பார்த்து வேறு பிள்ளைகளும் இப்படி ஆகிவிடாதா? தாய்மாமனாக நான் என்ன செய்ய?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

பெயர் பற்றி நீங்கள் எழுதிய இடத்துக்கு மேல் என்னால் உடனே வாசிக்க முடியவில்லை. கடிதத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த நாள்தான் மிச்சத்தை வாசித்தேன். எங்கள் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் போனவர்களின் பெயரோடு திரிகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது, பதில் சொல்வது ஒன்பது வயதுப் பிள்ளை, ஆனால் வீட்டுக்காரருக்குக் கேட்பது வேறொருவருடைய குரல். அந்த ஆறுதலை நான் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எஸ்திபாலிஸ் உரேசோலா சோலாகுரென் இயக்கிய ஸ்பானியப் படம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கோடை விடுமுறைக்குத் தாயோடு பாஸ்க் நாட்டுக்குப் போகிறது. பிறந்தபோது வைத்த பெயர் ஐத்தோர். அது வாயில் வரமாட்டேன் என்கிறது பிள்ளைக்கு. தேனீ வளர்க்கிற பாட்டி முறையான ஒருத்தி மட்டும் பிள்ளையைத் துருவாமல் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். கடைசியில் பிள்ளை லூசியா என்ற பெயரைத் தேடி எடுத்துக்கொள்கிறது. அந்த வேடத்தில் நடித்த சிறுமி சோபியா ஒத்தேரோவுக்கு 2023 பேர்லின் திரைப்பட விழாவில் முதன்மை நடிப்புக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. அந்த விழா 2021இலிருந்து நடிப்புப் பரிசை ஆண், பெண் என்று பிரித்துக் கொடுப்பதில்லை.

நீங்கள் ஐரோப்பாவுக்குச் சரி என்கிறீர்கள். ஐத்தோர் யார் தெரியுமா? பாஸ்க் இனத்தின் மூதாதை என்று கதைகளில் சொல்லப்படும் ஒருவரின் பெயர். மொழியைப் பறிகொடுக்கப் பார்த்த, போரும் அடக்குமுறையும் கண்ட சனம் அவர்கள். ஒரு இனத்தின் பெயரையே தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளை அதைச் சுமக்க மாட்டேன் என்கிறது. தம்பி, அது உங்கள் வீட்டுக் கதைதான்.

படத்தில் பிள்ளை காணாமல் போகிற கட்டத்தை மறந்திருக்கமாட்டீர்கள். எல்லாரும் ஐத்தோர், ஐத்தோர் என்று கத்தித் தேடுகிறார்கள். திடீரென்று தமையன் லூசியா என்று கூப்பிடுகிறான். அந்தப் பையனுக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தவில்லை. தேடிப் போனால் பிள்ளைக்குக் கேட்கிற பெயரைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸ்க் மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் இல்லை. ஸ்பானிய மொழியில் உண்டு. அந்தக் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிறது. நமக்கும் ஒரு சலுகை இருக்கிறது. 'நான் வந்தேன்' என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. மற்றவர்கள் பேசும்போதுதான் 'அவன்' வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்கும் எங்கள் ஊரில் வழி இருக்கிறதே! 'இஞ்ச வா பிள்ளை', 'சாப்பிட்டியா குஞ்சு' என்று எங்கள் அம்மம்மாமார் நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள். அதில் எந்தப் பாலும் இல்லை, பாசம் மட்டும்தான். புதிய பெயர் சொல்ல இன்று உங்களுக்கு வாய் வராது, சரி. பழையதைச் சொல்லாமல் விடலாம். 'பிள்ளை' என்று கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்க்கும்.

திருநங்கைகளைப் பார்த்துத் தெருவில் சொல்கிற சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் வளர்ந்த ஒரு மனிதரை 'அது வருது' என்று சொல்கிறோமே, அதைக் கேட்டால் வயிறு எரியும். தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் என்ற இயலில், ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரைத் தெய்வப் பெயரோடு ஒரே சூத்திரத்தில் வைத்து, உயர்திணையாகவே பேசவேண்டும் என்று விதி சொல்லியிருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சூத்திரம், அந்தப் பெயருக்கு ஆண்பால் முடிபு பொருந்தாது என்கிறது. இவர்களைப் பிடித்து உள்ளே போட உதவிய சட்டங்கள்தான் வெளியிலிருந்து வந்தவை. இலங்கையின் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையும் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனவை.

2010இல் மீள்குடியேற்றத்துக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மற்றப் பக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று, இருபது வயதிருக்கும், கொண்டை போட்டுத் தோளில் துவாய் போட்டிருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் பக்கத்திலும் எடுக்கவில்லை. நடு வெய்யிலில், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அந்தப் பிள்ளை நின்றது. முதலில் சிரித்தது வரிசையில் நின்ற எங்கள் சனம்தான். நான் சிரிக்கவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அப்போது தாய்க்காரி வரிசையை விட்டு வெளியே வந்தா. "இது என்ர பிள்ளை. எந்தப் பக்கம் விட்டாலும் நானும் கூட நிப்பன்" என்றா. வீட்டில் அந்தப் பிள்ளையோடு அவ முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு மாதம் கழித்து அவவின் கொட்டிலுக்குப் போனேன். வாசலில் இருந்து, பொம்பிளைகள் வீட்டில் போடுகிற சோட்டி ஒன்றுக்குக் கரை மடித்துக் கையால் தைத்துக்கொண்டிருந்தா. யாருக்கு என்று கேட்கவில்லை. அவ கட்டையான மனுசி. நீளத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

உங்கள் மற்றக் கேள்விகள். படம் பார்த்து வருகிற சங்கதி என்றால், உங்கள் வீட்டுப் பிள்ளை நாலு வயதில் எந்தப் படத்தைப் பார்த்தது? இது பேயும் இல்லை, விசரும் இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது மனநோய்களின் வரிசையில் இல்லை. அக்காவிடம் சொல்லுங்கள், நேர்த்தி வைக்கிறதென்றால் பிள்ளை நோய்நொடியில்லாமல் இருக்க வைக்கட்டும். இந்த வயதில் மருந்து, சத்திரசிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலின அங்கீகாரச் சான்றிதழ் 2016இலிருந்து இலங்கையில் உண்டு, அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் மாற்றலாம். ஆனால் அதெல்லாம் வளர்ந்த பிறகு, தேவைப்பட்டால். நாளைக்கு என்னவாகும் என்று ஒன்பது வயதில் யாரும் முடிவு கட்டவேண்டாம்.

அடியை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் பொறுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. அத்தானோடு சண்டைக்குப் போகாமல், தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை என்று அவர் நினைத்திருப்பார், ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இணக்கமான ஒரு ரீச்சரையாவது கண்டுபிடியுங்கள். தலைமயிர் வெட்டுகிற நாளில்தான் பெரும்பாலும் பிரச்சினை தொடங்கும். மாமன் போய் நின்றால் அதற்கொரு மதிப்பு இருக்கிறது.

அண்ணாவின் பெயர் அண்ணாவிடமே இருக்கட்டும், தம்பி. மே 18 நினைவு நாளில் விளக்குக் கொளுத்தும்போது அந்தப் பெயரைச் சொல்லி அழுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், பெரிய மாமா எப்படிச் சைக்கிள் ஓடுவார், என்ன சாப்பிடுவார், யாரோடு சண்டை பிடிப்பார் என்று சொல்லிக்கொடுங்கள். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது.

பிரசுரிக்கும்போது உங்கள் அண்ணாவின் பெயரை நான் எடுத்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் அது நாலு இடத்தில் இருந்தது. பிள்ளை தனக்கென்று கேட்கிற பெயர் ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் கேட்டீர்களா? கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா