பாலிசியும் வி.பி. பார்சலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது கொள்ளுத்தாத்தாவின் காகிதக் கட்டு ஒன்று கிடைத்தது. அவர் தஞ்சாவூர் ஜில்லாவில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. 1941-இல் காலமானார். கட்டின் ஒரு பாதி, பம்பாய்க் கம்பெனி ஒன்றில் 1926-இல் ஆயிரம் ரூபாய்க்கு எடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸின் பிரீமியம் ரசீதுகள். மீதிப் பாதி, தபாலில் மருந்து வரவழைத்து, வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டிய வி.பி. ரசீதுகளும் விலைப்பட்டியல்களும். தூக்கம் எப்படி, மலம் எப்படி, கெட்ட கனவு உண்டா என்று ஒரு வைத்தியசாலை அனுப்பிய கேள்வித்தாளும் இருக்கிறது. இன்ஷூரன்ஸின் அருமை தெரிந்த, படித்த மனிதர் முகம் தெரியாத ஆளிடம் தாது புஷ்டி லேகியம் வாங்கி ஏமாந்திருக்கிறாரே, ஒரே தலைக்குள் அறிவியலும் மூடத்தனமும் எப்படி இருந்தன? இன்னொன்று: அந்த ஆயிரம் ரூபாய் கொள்ளுப்பாட்டிக்கு வந்து சேர்ந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

க.

அன்புள்ள க.,

ஏமாந்தார் என்று அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டின் இரண்டு பாதிகளையும் ஒரே பயம்தான் சேர்த்துக் கட்டியிருக்கிறது. நிலம் வைத்திருந்தவன் செத்தால் வீட்டில் நெல்லாவது மிஞ்சும். குமாஸ்தா செத்தால் அடுத்த மாதச் சம்பளம் நின்றுவிடும், அவ்வளவுதான். உடம்புதான் அவருடைய ஒரே நன்செய். அதற்கு ஒன்று என்றால், மாற்றலாகி வந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? கேள்வித்தாளில் இருப்பவை தாசில்தாரோடு பழகும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சங்கதிகளா? அதற்குத்தான் தபால் இருந்தது. 1877-இல் வி.பி. முறை வந்தது, 1879-இல் காலணா கார்டு, 1880-இல் மணியார்டர். கேட்டலாக் கேட்பதற்குக் கார்டு போதும்; வியாதியைச் சொல்லக் கவர் வேண்டும். பார்சல் வந்தால் தபால்காரரிடம் பணத்தைக் கட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ஷூரன்ஸும் இதே தபால் பையில்தான் வந்தது. ஏஜெண்டு வீடு தேடி வருவார் என்றாலும் விண்ணப்பம், ரசீது, தவணை நினைவூட்டல் எல்லாம் தபாலில். தபால் இலாகாவே 1884-இல் தன் ஊழியர்களுக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் நடத்தத் தொடங்கி, 1894-இல் தன் பெண் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டது. பெண் உயிரை எந்தக் கம்பெனியும் தொடாத காலம் அது.

கம்பெனியின் டாக்டர் நாடி பார்ப்பார், மார்பை அளப்பார், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, ஆல்புமின் இருக்கிறதா என்று சோதிப்பார், தகப்பனார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்று கேட்பார். பிறப்புப் பதிவு இல்லாதவர் வயதுக்கு ஆதாரமாக ஜாதகத்தை நீட்டலாம். நீங்கள் அறிவியல் என்று சொல்லும் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்! கம்பெனி டாக்டருக்கு முன்னால் உங்கள் கொள்ளுத்தாத்தா தம் உடம்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தைதான் சொல்லியிருப்பார். வியாதியைச் சொன்னால் பிரீமியம் ஏறும், அல்லது விண்ணப்பமே திரும்பிவிடும். உள்ளதை உள்ளபடி எழுத அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த வைத்தியசாலை. பதிலுக்கு லேகியம் வந்தது என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாரே!

இன்ஷூரன்ஸ் ஒன்றும் தூய ஞானமாக இங்கே வந்திறங்கவில்லை. 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் கம்பெனி ஐரோப்பியருக்காக ஏற்பட்டது. சென்னையில் 1829-இல் மெட்ராஸ் ஈக்விடபிள் வந்தது. இந்திய உயிர்களை முதலில் ஒதுக்கினார்கள். பிறகு எடுத்தபோது கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். வெள்ளைக்காரருக்கு விதித்த அதே விகிதத்தில் இந்தியரையும் எடுக்க 1870-இல் பம்பாய் மியூச்சுவல் பிறக்க வேண்டியிருந்தது.

சின்னச் சம்பளக்காரர்களைக் குறிவைத்து முளைத்த பிராவிடண்ட் சங்கங்களின் கதை இன்னும் மோசம். அவற்றில் பல, பங்கு போடும் முறையில் நடந்தன. மாதாமாதம் சிறு தொகை கட்ட வேண்டும். ஒரு காலக்கெடுவுக்குள் வசூலான பணத்தில் சங்கம் தன் செலவை எடுத்துக்கொண்டு, மீதியை அந்தக் கெடுவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இவ்வளவு கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. தொடக்கத்தில் சாவு குறைவு, பங்கு கொழுத்தது. ஊரெல்லாம் அதைச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். வருஷம் ஏற ஏறச் சாவும் ஏறியது, பங்கு இளைத்தது. புது ஆள் வருவது நின்றதும் சங்கம் படுத்துவிட்டது. கல்யாணத்துக்கும் இதே பாணியில் இன்ஷூரன்ஸ் உண்டு. சாகக் கிடக்கும் கிழவர்களின் பேரில் யாரோ மூன்றாம் மனிதர் பணம் கட்டி, எப்போது போவார் என்று காத்திருந்த கூத்தும் நடந்தது. லேகியம் விற்றவர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் அபிப்பிராயம். 1912-இல் இரண்டு சட்டங்கள் வந்தும் முழுதாக அடங்கவில்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பங்கு போடும் முறையைத் தடை செய்தது.

மருந்துப் பக்கம் புளுகு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதில் வெள்ளைக்காரன் நமக்கு இளைத்தவன் அல்ல. இந்தியப் பத்திரிகைகளில் ஓயாமல் விளம்பரம் செய்த பீச்சம் மாத்திரையை பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சோதித்து 1909-இல் வெளியிட்டது. உள்ளே இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு. 56 மாத்திரைகளுக்கான சரக்கு அரை பார்திங், பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. நூறு மடங்குக்கு மேல். ஜாம்நகரிலிருந்து வந்த ஆதங்க நிக்ரக மாத்திரைக்காரர்கள் காமசாஸ்திரப் புத்தகத்தை இனாமாக அனுப்பியே பெயர் வாங்கினார்கள். உங்கள் கட்டில் அது இல்லாவிட்டால் யாரோ முன்பே எடுத்து ஒளித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதரும் இருந்தார். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வைத்தியத்தில் இறங்கியவர். அவருடைய சஞ்சீவி மருந்துகளும் கோரோசனை மாத்திரையும் இலங்கை, பர்மா வரை போயின. அந்த வருமானத்தில் தோட்டம் போட்டார், அச்சகம் வைத்தார், 1912-இல் தொடங்கிய சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தின் மாநாடுகளைத் தம் கைப்பணத்தில் நடத்தினார், 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். தமிழிசை ஆராய்ச்சியின் கடைக்கால் மாத்திரை விற்ற காசு. பண்டிதரின் மாத்திரையும் யாரோ ஒரு போலியின் மாத்திரையும் ஒரே மாதிரி வி.பி. பார்சலில்தான் வரும். பிரித்துப் பார்க்க குமாஸ்தாவுக்கு என்ன வழி இருந்தது? இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கைச் சர்க்கார் 1912-இலிருந்தாவது கேட்டது. மருந்துச் சட்டம் வந்ததே 1940-இல், அதுவும் நாட்டு மருந்துகளைத் தொடாமல். மாயமந்திர மருந்து விளம்பரங்களுக்குத் தடை வர 1954 ஆயிற்று. அறிவியலுக்கும் மூடத்தனத்துக்கும் நடுவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தலைக்குள் இருந்ததாக நீங்கள் நினைக்கும் கோடு, சட்டப் புத்தகத்தில் இருந்த கோடு.

இனி கொள்ளுப்பாட்டியின் ஆயிரம் ரூபாய். கட்டில் பாலிசிப் பத்திரமே இருந்தால் அதில் மனைவி அல்லது பிள்ளைகளின் நன்மைக்காக என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வரும். இந்துக்களுக்கு அது செல்லுமா என்று பெரிய வழக்கு நடந்தது. பின்னர் 1923-இல் திருத்தம் செய்து, சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்குச் செல்லும் என்று தேதி போட்டே சொல்லிவிட்டார்கள். மற்ற இடங்களுக்கு 1923 ஏப்ரல் 1. அப்படிப்பட்ட பாலிசிப் பணத்தில் கடன்காரனும் கை வைக்க முடியாது, மைத்துனர்களும் முடியாது. பணத்தைப் பொறுப்பேற்கத் தனி டிரஸ்டி இல்லையென்றால், சர்க்கார் அதிகாரியான அபிஷியல் டிரஸ்டியின் கைக்குப் போய் அங்கிருந்து வரும்.

அந்த வாசகம் இல்லையென்றால், 1939 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி, பணத்தைப் பெற அவர் யாரையாவது நியமித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட், அதாவது வாரிசுரிமைச் சான்று வாங்கித்தான் பணம் பெற்றிருக்க முடியும். பிரீமியம் கட்டியது குடும்பப் பணத்திலா, சம்பளத்திலா என்று அண்ணன் தம்பிகள் கிளப்பியிருக்கலாம். 1937-ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்திருந்தது. கேட்டு வாங்கும் துணிச்சல் கொள்ளுப்பாட்டிக்கு இருந்ததா என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். பத்திரம் கட்டில் இல்லாமல் ரசீதுகள் மட்டும் இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். பணம் கொடுக்கும்போது கம்பெனி பத்திரத்தை வாங்கிவைத்துக்கொள்வது வழக்கம்.

கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ரசீதுகளைவிட அந்தக் கேள்வித்தாள்தான் அரிது, அதைத் தனியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள்.