மின்தடையும் திறனும்: கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட் மின்கல அடுக்குடன் 4 ஓம் மின்தடை தொடரிணைப்பிலும், அதையடுத்து 6 ஓம், 3 ஓம் ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பிலும் உள்ளன. 4 ஓமில் செலவாகும் திறனை 12 × 12 ÷ 4 = 36 வாட் என்று கணக்கிட்டேன்; விடைப் பகுதியில் 16 வாட் என்று உள்ளது. எங்கே தவறினேன்?

பதில்: சூத்திரம் சரிதான்; அதில் நீங்கள் இட்ட மின்னழுத்தம் அந்த மின்தடைக்கு உரியதன்று. 12 வோல்ட் என்பது சுற்று முழுவதற்குமானது. முதலில் பக்க இணைப்பைச் சுருக்குங்கள்: 6 × 3 ÷ (6 + 3) = 2 ஓம். இதனுடன் 4 ஓமைக் கூட்டினால் மொத்த மின்தடை 6 ஓம். எனவே ஓம் விதிப்படி மின்னோட்டம் 2 ஆம்பியர். அது முழுவதும் 4 ஓம் வழியாகச் செல்வதால் அதன் முனைகளுக்கிடையே 8 வோல்ட் இருக்கும்; திறன் 8 × 2 = 16 வாட். எஞ்சிய 4 வோல்ட் பக்க இணைப்பிலுள்ள இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே 6 ஓமில் ஏறத்தாழ 2.67 வாட், 3 ஓமில் 5.33 வாட். மூன்றையும் கூட்டினால் 24 வாட்; மின்கல அடுக்கு தருவதும் 12 × 2 = 24 வாட்தான். இந்தச் சரிபார்ப்பைச் செய்திருந்தால், மொத்தமே 24 வாட் தரும் சுற்றில் ஓர் உறுப்பு மட்டும் 36 வாட் எடுக்க முடியாது என்பது உடனே தெரிந்திருக்கும்.

கேள்வி: மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா? ஒரு சூத்திரம் (மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை) கூடும் என்கிறது, மற்றொன்று (மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை) குறையும் என்கிறது.

பதில்: எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்கான 40 வாட், 100 வாட் இழை பல்புகளை எடுத்துக்கொள்வோம். எரியும் நிலையில் அவற்றின் மின்தடை முறையே 1322.5 ஓம், 529 ஓம். பக்க இணைப்பில் மின்னழுத்தம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் மின்தடை குறைந்த 100 வாட் பல்பு அதிக ஒளி தரும். தொடரிணைப்பில் பொதுவாக இருப்பது மின்னோட்டம் என்பதால் 40 வாட் பல்பே அதிகம் ஒளிரும். தேர்வுகளில் ஓயாமல் வரும் கேள்வி இது. பல்பின் மேல் அச்சிட்ட வாட் அளவை எந்த இணைப்புக்கும் பொருந்தும் என்று நம்புவோரே இதில் சறுக்குகிறார்கள்.

கேள்வி: அதே 100 வாட் பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 40 ஓம் அளவில்தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: பழுதில்லை. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. டங்ஸ்டனின் மின்தடை வெப்பநிலையுடன் உயர்வதால், இழை வெண்ணிறமாகச் சுடரும்போது அது பத்து மடங்குக்கும் மேலாகிவிடும். சுவிட்சைப் போட்ட கணத்தில் 5 ஆம்பியருக்கு மேல் பாயக்கூடிய மின்னோட்டம், இழை சூடேறியதும் 0.43 ஆம்பியருக்கு இறங்குகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும் கணத்திலேயே ஃபியூஸ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடியை எரிக்க எத்தனை ஓம், எத்தனை வாட் ரெசிஸ்டர் வேண்டும்?

பதில்: எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுக்கும், மீதி 7 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 350 ஓம் என்று வரும். வழக்கமாகக் கிடைக்கும் மதிப்புகளில் அடுத்து உயர்ந்த 390 ஓமை இடுங்கள். அப்போது மின்னோட்டம் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் செலவாகும் திறன் 0.126 வாட். அரைக்கால் (0.125) வாட் வகை எல்லையைத் தொட்டுவிடும் என்பதால் கால் வாட் வகையே சரி.