மகளிர் இரட்டையர் டென்னிஸ்: குமரிக்காரர்கள் கேட்டவை

குமரி மாவட்டத்தில் டென்னிஸ் ஆடும் பெண்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. தொழில்முறைப் போட்டி விதிகளை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: அக்கா, டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) இரட்டையர் ஆட்டத்தில் 40-40 வந்ததும் ஒரே புள்ளியில் கேம் முடிகிறது. விம்பிள்டனில் அப்படி இல்லையே?

டபிள்யூடிஏ தொடர்களில் இரட்டையருக்கு அட்வாண்டேஜ் (40-40-க்குப் பிறகு இரண்டு புள்ளி முன்னிலை பெற்றால்தான் கேம் என்ற முறை) கிடையாது. 40-40 ஆனால் ஒரே புள்ளிதான். அந்த சர்வை வலப்பக்கம் வாங்குவதா இடப்பக்கம் வாங்குவதா என்பதை ரிட்டர்ன் ஜோடி தீர்மானிக்கும். செட் 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக் (முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடி வெல்லும்). இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். விம்பிள்டனில் அட்வாண்டேஜும் உண்டு, முழு மூன்றாவது செட்டும் உண்டு. அதில் 6-6 ஆனால்தான் 10 புள்ளி டை-பிரேக்.

ஆரல்வாய்மொழி: ஆனி, ஆடியில் எங்க ஊர்க் காத்து தெரியுமே அக்கா. எங்க ரெண்டு பேரில் யாரு முதல்ல சர்வ் போடணும்?

கணவாய்க் காற்றில் ஆடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒற்றைப்படை கேம் முடிந்ததும் பக்கம் மாறுகிறோம், நாலு பேரும் முறை வைத்து சர்வ் போடுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு செட் முழுக்க ஒருத்தி ஒரே பக்கத்திலிருந்துதான் சர்வ் போடுவாள். அதனால் சர்வ் வலு குறைந்தவளுக்குக் காற்று முதுகில் அடிக்கும் பக்கத்தைக் கொடுங்கள். எதிர்க்காற்றில் போடுகிறவள் டாஸை (சர்வுக்காகப் பந்தை மேலே எறிவதை) தாழ்வாக வைக்கட்டும். பந்து தலைக்குப் பின்னால் ஓடாது.

பலர் கோட்டைவிடுவது அடுத்த செட்டில்தான். முதல் கேமில் நீங்கள் சர்வ் போட்டு, செட் 6-3 என்று முடிந்தால், அவரவர் பக்கம் மாறாமலிருக்க இரண்டாம் செட்டிலும் உங்கள் ஜோடியில் அதே ஆள்தான் முதலில் சர்வ் போட வேண்டும். 6-4 என்றால் பத்து கேம். பக்கம் மாறாமலேயே அடுத்த செட் தொடங்கும், சர்வும் உங்களுடையது. அப்போது மற்றவள் தொடங்கினால்தான் அவரவர் பக்கம் அவரவருக்குக் கிடைக்கும். ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் வரிசையை மாற்ற விதி இடம் தருகிறது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

லாப் (எதிரணியின் தலைக்கு மேல் உயரத் தூக்கிப் போடும் பந்து) விஷயத்தில், காற்றை எதிர்த்துப் போடும் லாப்பைத் தாராளமாகத் தூக்கலாம், காற்று பிடித்து உள்ளே போட்டுவிடும். காற்றோடு போகும்போது லாப்பையே தவிருங்கள்.

குளச்சல்: சர்வ் என் பார்ட்னர் முதுகில் பட்டால்?

ஃபால்ட், அதாவது அந்த சர்வ் செல்லாது. தரையில் படுமுன் எதிரணியில் ரிட்டர்ன் வாங்குகிறவளின் பார்ட்னர் மேல் பட்டால் புள்ளி உங்களுக்கு.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா: மகள் நெட்டில் நின்றால் பந்தே அவளிடம் வரவில்லை; வந்தால் பக்கத்துக் கோட்டோடு கடந்துவிடுகிறது.

உங்கள் மகள் டிராம்லைனை (இரட்டையருக்கு மட்டும் சேரும் பக்கவாட்டுப் பட்டையை) காவல் காத்து நிற்கிறாள். அந்தப் பட்டை நாலரை அடிதான். அதற்காக நடுவையெல்லாம் திறந்து விடுகிறாள். சர்வ் பெட்டியின் நடுவாக்கில், நெட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நிற்கட்டும். சர்வ் வெளிப்பக்கம் போனால் பக்கக் கோட்டை நோக்கி ஒரு எட்டு, நடுக்கோட்டில் விழுந்தால் நடுவை நோக்கி ஒரு எட்டு. நடுக்கோட்டு சர்வை வாங்குகிறவளுக்குக் கோணம் குறுகிவிடும். குறுக்கே பாய்ந்து வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) அடிக்க அதுதான் நேரம்.

பாய்வதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் கை வைத்து, விரித்த உள்ளங்கை என்றால் பாய்கிறேன், மூடிய முஷ்டி என்றால் நிற்கிறேன் என்பது பரவலான வழக்கம். பாய்ந்தால் சர்வ் போட்டவள் உடனே காலியான பக்கத்துக்கு ஓட வேண்டும். ஓடாததால்தான் கோட்டோரப் பந்துகள் போகின்றன. பழி நெட்டில் நின்றவள் மேல் விழுகிறது. எதிராளி அடிக்கும் நொடியில் இரண்டு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டத்தில் இருக்கிறவளால் திசை மாற்ற முடியாது.

தக்கலை: ஆள் மாறி சர்வ் போட்டுவிட்டால்?

தெரிந்தவுடன் திருத்த வேண்டும், எடுத்த புள்ளிகள் நிற்கும். கேமே முடிந்த பிறகு தெரிந்தால் மாறிய வரிசையே தொடரும். ரிட்டர்ன் பக்கம் மாறியிருந்தால் அந்த கேம் முடியும்வரை அப்படியே ஆடி, அடுத்து ரிட்டர்ன் வாங்கும் கேமில் பழையபடி நில்லுங்கள்.

கன்னியாகுமரி: ஜோடியாகப் பெயர் கொடுத்தால் தரவரிசை எப்படிப் பார்ப்பார்கள்?

இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். கூட்டல் குறைந்த ஜோடிக்கு முன்னுரிமை. பரிசுப் பணத்தை ஜோடி பாதியாகப் பிரித்துக்கொள்ளும். தரவரிசைப் புள்ளியைப் பிரிப்பதில்லை, இருவருக்கும் முழுசாகக் கிடைக்கும்.