முழுக்க உண்மையா, 'பாப்பிலான்'?

கேள்வி: 1973-இல் வந்த 'பாப்பிலான்' படம் நிஜமாகவே நடந்த கதையா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: பாதிதான் உண்மை என்பேன், சகோதரி. ஆன்றி ஷாரியேர் என்பவர் கொலை வழக்கில் 1931-இல் ஆயுள் தண்டனை பெற்றதும், தென் அமெரிக்காவில் பிரான்ஸ் தன் கைதிகளை அடைத்துவைத்த பிரெஞ்சு கயானாவுக்கு அனுப்பப்பட்டதும், தப்பியதும் நிஜம். 1969-இல் அவர் எழுதி வெளிவந்த, படத்துக்கு மூலமான 'பாப்பிலான்' புத்தகத்தில் சக கைதிகளின் அனுபவங்களையும் தன்னுடையதாகச் சேர்த்துக்கொண்டார் என்று பலர் சொன்னார்கள். நானும் அதை நம்புகிறேன்.

ஆனாலும் படத்தில் வரும் அந்தத் தனிமைச் சிறைக் காட்சி! கதவில் ஒரு ஓட்டை. அதன் வழியே தலையை நீட்டும் பக்கத்து அறைக்காரர், 'நான் எப்படி இருக்கேன்?' என்று கேட்கிறார். 'நல்லாத்தான் இருக்கீங்க' என்கிறான் நாயகன். பிறகு அதே கேள்வியை அவனே கேட்கிறான், நரைத்துப்போன தலையோடு. நாயகனாக நடித்த ஸ்டீவ் மெக்வீனின் அந்த முகம் இன்றைக்கும் என் தொண்டையை அடைக்கிறது. ஷாரியேருக்கு நடந்ததோ இல்லையோ, அந்த இருட்டறைகளில் யாருக்கோ நடந்ததுதானே அது?

அந்தப் புத்தகத்துக்கு ரா.கி.ரங்கராஜன் செய்த தமிழாக்கம் 'பட்டாம்பூச்சி' ('பாப்பிலான்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் பொருளே அதுதான்) கிடைத்தால் விடாதீர்கள். படத்துக்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.