தரைக்கு எதற்கு டயப்பர்?

கேள்வி: எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையில், வளவுத் தாழ்வாரத்தின் ஆத்தங்குடிக் கல் தரையை 'டயப்பர்ட்' என்று வருணித்திருந்தார்கள். படித்துக் காட்டிய பேத்தி, "தரைக்கு எதுக்கு ஆயா டயப்பர்?" என்று சிரிக்கிறாள். அச்சுப் பிழையா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பிழையில்லை, அம்மா. குழந்தையின் அணையாடை என்ற பொருள் அந்தச் சொல்லோடு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இடைக்காலக் கிரேக்கத்தில் 'ஆஸ்ப்ரோஸ்' என்றால் வெள்ளை. 'டியா' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'முழுக்க வெள்ளையானது' என்று பொருள்பட்ட சொல், லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அது, வெள்ளை நூலிலேயே சின்னச் சின்ன வைரக்கட்டங்கள் படியும்படி நெய்த ஆளிநார்த் துணியை (லினன்) குறித்தது. நிறத்தில் வேறுபாடே இல்லாததால், சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கட்டம் தெரியும், திருப்பினால் மறைந்துவிடும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வழங்கிய ஆடையை, 'நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை' (கண்பார்வை நுழையாத நுண்மையும் பூவேலையும் கொண்ட, பாம்புச் சட்டை போன்ற ஆடை) என்கிறார் முடத்தாமக்கண்ணியார். பாம்புச் சட்டையின் செதில் வரிசையை வெயிலில் பார்த்தவர்களுக்கு, அந்த வெள்ளைத் துணி எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

துணியின் பெயர் பிறகு அதன் கோலத்துக்கும் ஆயிற்று. பழைய ஓவியச் சுவடிகளின் பொன் பின்னணி, பிரபுக்களின் கேடயச் சின்னம், லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் செங்கற்சுவரில் கருகிய கற்களை இடையிட்டு வரைந்த சாய்சதுரங்கள் ஆகிய எல்லாமே 'டயப்பர்' வேலைதான்.

இலக்கியத்தில் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத் தொடக்கத்தில், ஒருவன் பன்னீர் நிறைந்த வெள்ளித் தாம்பாளத்தையும், இன்னொருவன் நீர்க்கெண்டியையும், மூன்றாமவன் 'டயப்பரை'யும் ஏந்தி நிற்க வேண்டும் என்று ஒரு பிரபு கட்டளையிடுகிறார். அது கை துடைக்கும் துண்டு. எட்மண்ட் ஸ்பென்சர் தம் திருமணத்துக்குத் தாமே பாடி 1595இல் வெளியிட்ட 'எபிதலாமியன்' கவிதையிலோ, மணமகள் நடக்கும் தரையெங்கும் பூத்தூவி, 'டிஸ்கலர்ட்' புல்வெளிபோல அதை 'டயப்பர்' செய்யச் சொல்கிறார். இங்கே இரட்டைப் பொறி இருக்கிறது: 'டிஸ்கலர்ட்' என்பதற்கு அக்காலத்தில் பல வண்ணம் கொண்டது என்று பொருள். இன்றைய அகராதியோடு இந்த வரிக்குள் போனால், நிறம் வெளுத்த புல்லில் அணையாடை விரித்த கதையாகிவிடும்.

உங்கள் தாழ்வாரத்துக்கு இச்சொல் பொருந்துமா என்றால், பாதிதான் பொருந்தும். ஒரே கட்டம் இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப வந்து பரப்பை நிரப்பினால்தான் அது 'டயப்பர்'. தரையின் நடுப்பகுதிக்குச் சரி. சுற்றி ஓடும் கரைக் கல்லுக்கு ஆகாது. வாசகர் சிரிப்பார் என்று தெரிந்தும் அலங்காரத்துக்காக இதைப் போட்டது எனக்கு உவப்பில்லை. தமிழில் 'வைரக்கட்டம் நிரவிய தரை' என்று எழுதுவேன். பேத்திக்குப் புரியவில்லை என்றால், வீட்டில் வைரக்கட்டம் போட்டு முடைந்த ஓலைக் கொட்டான் இருந்தால் அதன் பக்கத்தைக் காட்டுங்கள்.